திரையில் தெரியும் தலை

சாய்வு நாற்காலியில் உட்காருகிறீர்கள். பேனா அளவுள்ள ஒரு கருவியைப் பணிப்பெண் உங்கள் வகிட்டில் வைக்கிறார். எதிரே இருக்கும் திரையில் உங்கள் தலை தெரிகிறது. அது உங்கள் தலைதான் என்றால் நம்ப மாட்டீர்கள். அறுவடை முடிந்த பெண்டாங் வயல்போல் வெளிறிய நிலம். அதில் தாள்கள்போல் நிற்கும் முடிகள். ஒவ்வொரு தாளின் அடியிலும் மஞ்சளாக ஒரு மெழுகு வளையம்.

“பாருங்கள், வேர்க்கால்கள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன” என்கிறார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு நறுமண எண்ணெயும் நீராவியும் போதும்.

கொரியத் தலைமுடிப் பராமரிப்பு இன்று பினாங்கு, கோலாலம்பூர் பேரங்காடிகளில் புதிதல்ல. கொரியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அரண்மனை பார்ப்பதைப் போலவே இதையும் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கடந்த ஆண்டு சியோலுக்குப் போனபோது நானும் மியோங்டோங் பகுதியில் ஒரு கடையில் போய்ப் படுத்தேன். பொய் சொல்லக்கூடாது, மாணவர்களே: சுகமாக இருந்தது. வெதுவெதுப்பான நீர் நெற்றியோரமாக வழிந்தது. இரண்டு கைகள் கழுத்தடியிலிருந்து உச்சிவரை பிசைந்துவிட்டன. பாதியில் நான் தூங்கியும் போனேன். பத்து மணி நேரம் நடந்த அலுப்பு போய்விட்டது. அந்தச் சுகத்துக்குப் பணம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. என் சண்டை அந்தத் திரையோடுதான்.

முடிவில் அதே கருவியை மறுபடியும் வைத்துக் காட்டினார்கள். முன்பு மஞ்சள் வளையம் இருந்த இடம் பளிச்சென்று இருந்தது. “முன்”, “பின்” என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். முதல் படம் நாள் முழுக்க வெயிலில் அலைந்த தலை. இரண்டாவது படம் இப்போதுதான் ஷாம்பு போட்டுக் கழுவிய தலை. சகதியில் விளையாடிவிட்டு வந்த காலையும் கழுவிய காலையும் படமெடுத்து ஒப்பிட்டால் என்ன தெரியுமோ, அதுதான் இங்கேயும் தெரிகிறது. வீட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரும் நல்ல ஷாம்பும் இருந்தாலும் இதே “பின்” படம் கிடைக்கும்.

அந்த மஞ்சள் வளையம் நோயும் அல்ல, நச்சும் அல்ல. ஒவ்வொரு முடிக்குழிக்கும் பக்கத்தில் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் கொழுப்போடு உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்து முடியின் அடியில் படிகின்றன. துடைத்தெடுத்தால் ஓரிரு நாளில் மறுபடியும் படியும். உங்கள் வயதில் அது இன்னும் வேகமாகச் சுரக்கும். பருவ வயதின் ஹார்மோன்கள் முகத்தில் பரு போடுகிற அதே வேலையைத்தான் தலையிலும் செய்கின்றன. தோல் மருத்துவர்களும் இதுபோன்ற உருப்பெருக்கிக் கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல அவர்கள் பல ஆண்டுகள் படித்திருக்கிறார்கள். கருவி ஒன்றாக இருப்பதால் கண்ணும் ஒன்றாகிவிடாது.

இதை எழுத என்னைத் தூண்டியது சியோல் அல்ல, பாடாங் செராய். அங்கே ஒரு படிவம் நான்கு மாணவி, தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்று அழுதாள். அவள் அம்மா கூலிமில் தொழிற்சாலை வேலை. மகளுக்காகப் பத்துத் தடவை வரும் ஒரு சிகிச்சைத் தொகுப்புக்கு முன்பணம் கட்டப் போனார். “தலைத்தோல் அடைப்பு” என்று அங்கே திரையைக் காட்டியிருக்கிறார்கள். நான் கேட்ட முதல் கேள்வி: கடந்த மூன்று மாதங்களில் காய்ச்சல் ஏதும் வந்ததா? வந்திருந்தது. டிங்கி. மருத்துவமனையில் ஐந்து நாள்.

முடி எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று புரியும். தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுவரை, மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வேகத்தில் வளரும். பிறகு வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, உதிரும். அதே குழியில் புது முடி முளைக்கும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். 10,000 முடிகள் சுமார் 100 நாளில் உதிர வேண்டும். அப்படியானால் ஒரு நாளைக்கு 100. ஒன்றும் தவறாக நடக்கவில்லை என்றாலும் உதிர்கிற எண்ணிக்கை இது.

கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பட்டினி, பெரிய மன அதிர்ச்சி என்று ஏதாவது வந்தால் உடம்பு செலவைக் குறைக்கப் பார்க்கிறது. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலையே நாம் மறந்துவிட்ட பிறகு, எல்லாம் சேர்ந்து உதிரும். குழிகள் சாகவில்லை. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு அடங்கி, முடி திரும்ப வளர்கிறது.

இங்கேதான் வியாபாரத்துக்கு வாய்ப்பு. முடி கொட்டுகிற உச்ச நேரத்தில் நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். பத்து வாரம் சிகிச்சை நடக்கிறது. தானாகவே அடங்க வேண்டிய உதிர்வு அடங்குகிறது. பெயர் யாருக்குப் போகும்? கடைக்குத்தான். கடைக்காரரே அதை மனதார நம்புவார். அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பெரியவர்கள் சொல்வதை, அறிவியல் கட்டுப்பாட்டுக் குழு இல்லாத சோதனை என்று சொல்கிறது.

சரி, பிசைந்துவிடுவதால் முடி வளருமா? இதைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆய்வில் 9 ஆண்கள் கலந்துகொண்டார்கள். தலையின் ஒரு பகுதியை மட்டும் கருவி கொண்டு தினமும் 4 நிமிடம், 24 வாரம் பிசைந்தார்கள். முடியின் தடிமன் 0.085 மில்லிமீட்டரிலிருந்து 0.092 ஆனது. ஏறத்தாழ 8 விழுக்காடு. நல்ல செய்திதான். ஆனால் 9 பேர் என்பது உங்கள் வகுப்பில் ஒரு வரிசை. அவர்கள் நலமாக இருந்த ஆண்கள். முடி உதிர்வுக்குச் சிகிச்சை தேடி வந்தவர்கள் அல்லர். இன்னொரு கணக்கும் போடுங்கள்: 24 வாரம், வாரம் 7 நாள், நாளுக்கு 4 நிமிடம். மொத்தம் 672 நிமிடம், அதாவது 11 மணி நேரத்துக்கு மேல். சுற்றுலாவில் ஒரு தடவை படுத்து எழுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இது உண்மையாகவே வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டாலும், தினமும் நான்கு நிமிடம் பிசைய உங்கள் பத்து விரல்கள் போதும்.

கொரியக் கடையில் என்னை உண்மையில் வியக்க வைத்தது வேறொன்று. தலையில் நுரைத்த ஷாம்புவின் பின்பக்கத்தில் பொருள்களின் பெயர்கள் இருந்தன. அதில் ‘லாரில்’, ‘லாரெத்’ என்று தொடங்கும் பெயர்களைக் கண்டதும் எனக்குக் கெடா ஞாபகம் வந்தது.

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வழியாகப் போகும்போது, தாத்தா காலத்தில் பால்மரம் நின்ற எத்தனையோ இடங்களில் இன்று செம்பனை நிற்பதைப் பார்க்கலாம். செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெய், கொட்டையின் பருப்பிலிருந்து வேறோர் எண்ணெய். பருப்பெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். தேங்காயெண்ணெயிலும் அப்படித்தான். 12 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் அது. ஆலைகளில் அந்த வாலின் ஒரு நுனியில் தண்ணீரை விரும்பும் தலையை ஒட்டவைக்கிறார்கள். அதுதான் ஷாம்புவின் நுரைப்பொருள். வால் எண்ணெய்க்குள் நுழைகிறது, தலை தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. பல மூலக்கூறுகள் சேர்ந்து அழுக்கைச் சிறு உருண்டையாகச் சூழ்ந்து தூக்கிக்கொண்டு போகின்றன. உலகம் முழுக்க நுரைப்பொருளுக்கான மூலப்பொருளில் பெரும் பங்கு மலேசிய, இந்தோனேசியச் செம்பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் போகிறது. “கொரிய ரகசியம்” என்று குப்பியில் எழுதியிருப்பதன் உள்ளே நம் தோட்டத்துப் பருப்பு இருக்கக்கூடும். பாட்டி போட்ட சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இதே வேலையைத்தான் செய்தன. அவற்றில் இருக்கும் சபோனின்களுக்கும் ஒரு பக்கம் எண்ணெய் பிடிக்கும், மறுபக்கம் தண்ணீர் பிடிக்கும்.

பால்மரத்துக்கும் முடிக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கம். மங்கில் சேரும் பாலில் ரப்பர் துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஸ்டோரில் பார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த மின்னூட்டம் ஒழிந்து பால் உறைகிறது. அம்மோனியா கலந்தால் உறையாமல் இருக்கிறது. உங்கள் முடியும் சாதாரணத் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். காரத்தன்மை மிகுந்த சவர்க்காரம் போட்டால் அது கூடுகிறது. முடிகள் ஒன்றையொன்று தள்ளிப் பறக்கின்றன, செதில்கள் உரசுகின்றன. ஷாம்புவுக்குப் பிறகு போடும் கண்டிஷனரில் இருப்பவை நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகள். முடியில் போய் ஒட்டிக்கொண்டு தள்ளலை அடக்குகின்றன. “முடிக்கு ஊட்டச்சத்து” என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் இந்த ஒட்டல்தான். முடி உயிரற்ற நார். அதற்கு ஊட்ட வாய் கிடையாது. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் குழியில் மட்டும். அதற்குச் சோறு போடுவது உங்கள் இரத்தம்.

அடுத்தது கந்தகம். 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால், வெயிலில் ஒட்டாத, குளிரில் நொறுங்காத ரப்பர் கிடைக்கும் என்று கண்டார். நீண்ட ரப்பர் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போடுகிறது. படிவம் ஐந்து வேதியியலில் இதைப் படிப்பீர்கள். உங்கள் முடியில் இருக்கும் கெராட்டின் புரதச் சங்கிலிகளுக்கு நடுவேயும் கந்தகப் பாலங்கள்தான் இருக்கின்றன. முடி கருகினால் வரும் நாற்றத்தில் அந்தக் கந்தகத்துக்கும் பங்குண்டு. டயரை உறுதியாக்கும் அதே வகைப் பிணைப்பை இயற்கை நம் தலையில் முன்பே போட்டு வைத்திருக்கிறது.

‘ரீபாண்டிங்’, ‘கொரியப் பெர்ம்’ என்று செய்வதெல்லாம் இந்தப் பாலங்களை ஒரு வேதிப்பொருளால் உடைத்து, முடியை வேண்டிய வடிவில் வைத்து, இன்னொரு வேதிப்பொருளால் மீண்டும் கட்டுவது. எல்லாப் பாலமும் திரும்பக் கட்டப்படுவதில்லை. செய்யச் செய்ய நார் பலவீனமாகும். குழியின் வடிவம் மாறாததால் வேரிலிருந்து வருவது பழைய சுருட்டைதான். தலைத்தோல் சிகிச்சையைச் சுகம் என்று விட்டுவிடும் நான், இதை மட்டும் உங்கள் வயதில் வேண்டாம் என்றே சொல்வேன். சுருட்டை முடியைக் குறையாகப் பார்க்க யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான கேள்வி.

இந்தத் தலை பிசையும் கலை கொரியாவிலிருந்து வந்து நம்மை எட்டிய புதுமை என்று எண்ணுகிறீர்களா? ‘ஷாம்பு’ என்ற சொல்லே இந்தியாவிலிருந்து போனது. பிசைவது, அமுக்குவது என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்தது. பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகம்மது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தி, 1822இல் ஷாம்பு செய்வதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அரசர் நான்காம் ஜார்ஜே அவரிடம் பிசைந்துகொண்டார். அன்று அந்தச் சொல்லுக்கு நுரை என்ற பொருள் கிடையாது. ஆனால் முகம்மதுவின் நிலையமும் ஏறக்குறைய எல்லா நோயும் தீரும் என்றுதான் விளம்பரம் செய்தது. இருநூறு ஆண்டில் விளம்பர மொழி அவ்வளவாக வளரவில்லை.

கொரியர்களுக்கும் சொந்த மரபு இருக்கிறது. ஐந்தாம் சந்திர மாதம் ஐந்தாம் நாளில் வரும் தானோ திருநாளில், பெண்கள் சாங்போ என்ற செடியைக் கொதிக்கவைத்த நீரில் தலை அலசுவார்கள். அது நமக்கு அயல் செடி அல்ல. நம் வீட்டில் கைக்குழந்தைக்குச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் வசம்புதான் அது. பேர்சொல்லா மருந்து என்று பாட்டிமார் அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் தலையில் ஊற்றினார்கள், நாம் நாக்கில் தடவினோம்.

அதற்காக “எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது” என்று மார்தட்டவும் வேண்டாம். தேங்காயெண்ணெய் முடிக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தேங்காயெண்ணெய் குறைத்தது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் குறைக்கவில்லை. லாரிக் அமிலத்தின் நேரான, சிறிய வடிவம் நாருக்குள் நுழைய முடிவதே காரணம் என்றார்கள். நான் மகிழ்ச்சியோடு படித்தேன். பிறகு ஆய்வாளர்கள் எங்கே வேலை செய்தார்கள் என்று பார்த்தேன். தேங்காயெண்ணெய் விற்கும் மும்பை நிறுவனமான மாரிகோவின் ஆய்வுக்கூடத்தில். அதனால் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் கொரியக் கடையிடம் கேட்கும் கேள்வியை நம் எண்ணெயிடமும் கேட்க வேண்டும். அந்த ஆய்வு நார் சேதமடையாமல் காப்பதைப் பற்றியது. எண்ணெய் தேய்த்தால் முடி முளைக்கும் என்று அதில் எங்கும் இல்லை. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெயை ஊறவிடுவது உதவுவதை விடக் கெடுக்கவே வாய்ப்பு அதிகம். பொடுகோடு தொடர்புடைய மலசேசியா என்ற நுண்பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வாழ்கிறது.

இனிக் காசு விஷயம். மலேசியாவில் விற்கும் அழகுப்பொருள் ஒவ்வொன்றும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். ‘என்.ஓ.டி.’ என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் எண் அதற்குக் கிடைக்கும். நிறுவனத்தின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அந்த எண் பொருள் பதிவில் இருப்பதைக் காட்டுமே தவிர, சொன்னபடி வேலை செய்யும் என்பதற்குச் சான்று அல்ல. ஆசியான் நாடுகளின் பொது விதிப்படி, அழகுப்பொருள் என்று விற்கும் ஒன்று “முடி உதிர்வை நிறுத்தும்”, “முடி வளர்ச்சியைத் தூண்டும்” என்று சொல்லவே கூடாது. சொன்னால் அது மருந்து. மருந்தாகப் பதிவு பெற்றுச் சோதனை காட்ட வேண்டும். கொரியாவில் நிலைமை சற்று வேறு. அங்கே 2017இலிருந்து முடி உதிர்வு அறிகுறியைத் தணிக்கும் பொருள்கள் ‘செயல்திறன் அழகுப்பொருள்’ என்ற தனி வகையில் வருகின்றன. அங்கே அனுமதிக்கப்பட்ட வாசகத்தை அப்படியே மொழிபெயர்த்து இங்கே ஒட்டும்போது பொருள் இன்னும் பெரிதாகிவிடுகிறது. அந்த நாட்டில் முடி எவ்வளவு பெரிய கவலை என்றால், 2022 அதிபர் தேர்தலில் லீ ஜே-மியுங் முடி உதிர்வுச் சிகிச்சையைத் தேசியக் காப்பீட்டில் சேர்ப்பேன் என்று வாக்குறுதியே கொடுத்தார். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார் என்பது வேறு கதை.

நம் அரசு சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். வட்டமாக முடி கொட்டினால், தோல் சிவந்து சீழ் வைத்தால், உதிர்வோடு களைப்பும் மூச்சு வாங்கலும் இருந்தால் அங்கே போங்கள். மாதவிலக்கில் அதிகம் இரத்தம் போகும் மாணவிகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு அரிதல்ல. அதைக் கண்டுபிடிக்கத் தேவை ஓர் இரத்தப் பரிசோதனை. நீராவி அதற்கு உதவாது. இன்னொன்று, இரட்டைப் பின்னலை நெற்றி இழுபடும் அளவுக்கு இறுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் முன்னெற்றிக் குழிகள் நிரந்தரமாகவே செத்துவிடும். பின்னலைத் தளர்த்த ஒரு காசு செலவில்லை.

பாடாங் செராய் மாணவியின் அம்மா முன்பணத்தைக் கட்டவில்லை. அவளுக்கு இரும்புச்சத்தும் குறைந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அவளை அதிகம் பயமுறுத்தியது வேறொன்று. உதிர்ந்த ஒவ்வொரு முடியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு சிறு குமிழ். “வேரோடு வந்துவிட்டது, சார். இனி முளைக்காது” என்றாள். அது வேர் அல்ல. ஓய்வுக்காலம் முடிந்த முடியின் அடி, கெராட்டின் திரண்டு கதாயுதம்போல் உருண்டுபோயிருக்கும். குழி தோலுக்குள் அப்படியே இருக்கிறது. பல சமயம் அடுத்த முடி கீழே முளைத்துத் தள்ளியதால்தான் இது வெளியே வருகிறது.

நாளை காலை சீப்பில் வரும் ஒரு முடியைத் தாளில் மடித்துப் பள்ளிக்குக் கொண்டு போங்கள். ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் நூறு மடங்கு பெருக்கத்தில் வைத்து அந்தக் குமிழைப் பாருங்கள். கடைத் திரையில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.